கில்பி, சர் வால்டர் (1831–1914)

இங்கிலாந்தின் ஒயின் வணிகர், குதிரை வளர்ப்பாளர். செல்வர் வீட்டு விருந்தோடு நின்றிருந்த ஒயினை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்த பெருமை வேறு எவரையும்விட இவருடைய குடும்பத்துக்கே உரியது.

ஹெர்ட்ஃபர்ட்ஷயரைச் சேர்ந்த பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்டில் 1831 மே 2 அன்று பிறந்தார். தந்தை ஹென்றி கில்பி லண்டனுக்குப் பயணிகள் குதிரைவண்டி நடத்தியவர். 1842இல் ரயில் அவ்வூரை எட்டியதும் அந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லாமல் போயிற்று. வால்டர் அலுவலகங்களில் எழுத்தராக வேலை பார்த்தார். கிரிமியப் போர் மூண்டபோது தம்பி ஆல்ஃபிரட்டுடன் தாமாக முன்வந்து, டார்டனெல்ஸ் கரையிலிருந்த படைவீரர் மருத்துவமனையில் பணிபுரிந்தார்.

போர் முடிந்து திரும்பிய இருவருக்கும் வழிகாட்டியவர் மூத்த அண்ணன் ஹென்றி பாரி கில்பி. பின்னர் தொடங்கிய ஒயின் நிறுவனத்தின் பெயரில் தம்பியர் இருவரே விளங்கினாலும், யோசனையும் முதலுக்கான ஏற்பாடும் ஒயின் வணிகரான அவருடையவை. அன்று பிரெஞ்சு, ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய ஒயின்களுக்கு கேலனுக்கு 5 ஷில்லிங் 9 பென்ஸ் சுங்கம். தென்னாப்பிரிக்காவில் இருந்த குடியேற்ற நாடான கேப்பிலிருந்து வரும் ஒயினுக்கு அதில் பாதிதான். விலை இறங்கினால் பீர் குடிப்பவர்களும் ஒயின் வாங்குவார்கள் என்று அண்ணன் கணித்தார். 1857இல் ஆக்ஸ்ஃபர்டு தெருவில் ஒரு நிலவறையில் கேப் ஒயின் கடை திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் பேரேட்டில் 20,000 வாடிக்கையாளர்கள் ஏறினர்.

1860இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பிரான்சுடனான வணிக உடன்படிக்கையையொட்டி ஒயின் வரியைக் குறைத்தார். கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துச்செல்லும் விற்பனைக்கு உரிமமும் வந்தது. கேப் ஒயினுக்கு இருந்த வரிச்சலுகை மறைந்தது. கில்பிகள் தயங்காமல் பிரெஞ்சு ஒயினுக்கு மாறினர். உரிமம் பெற்ற வெளியூர் மளிகைக்காரர்கள் மூவர் முகவராக விரும்பி அணுக, அதுவே நாடெங்கும் விரிந்த முகவர் அமைப்பாயிற்று. முகவர் பிற நிறுவனச் சரக்கை விற்கக் கூடாது. பதிலுக்கு அந்த வட்டாரத்தில் தமக்கிருந்த வாடிக்கையாளர் அனைவரையும் கில்பிகள் அவரிடமே ஒப்படைத்தனர். பெண்கள் மளிகைக் கணக்கில் மது வாங்குகிறார்கள் என்று மதுவிலக்கு இயக்கத்தார் எழுப்பிய கூச்சல் மிகைப்பட்டது.

1867இல் ஆக்ஸ்ஃபர்டு தெருவின் பாந்தியன் கட்டடம் தலைமையகமாயிற்று. கேம்டன் டவுனில் ஜின் வடிசாலை அமைந்தது. 1875இல் பிரான்சின் மெடோக் பகுதியில் ஷத்தோ லூதென் திராட்சைத் தோட்டமும், 1887இல் ஸ்காட்லாந்தின் கிளென் ஸ்பே விஸ்கி வடிசாலையும் வாங்கப்பட்டன.

வால்டரின் காலத்தில் தொழில் குடும்பத்தை விட்டு வெளியேறவே இல்லை. தங்கை கணவர் சார்லஸ் கோல்டும் சகோதரி மகன் ஜேம்ஸ் பிளைத்தும் பங்குதாரர்கள். முன்னவர் நாடாளுமன்ற உறுப்பினரானார், பின்னவர் 1907இல் பிரபுப் பட்டம் பெற்றார். ஆல்ஃபிரட் 1879இல் காலமானார். 1893இல் நிறுவனம் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமானது. அதே ஆண்டு வால்டர் பாரோனெட் ஆனார்.

எசெக்ஸின் எல்சனம் மாளிகையில் ஷயர், ஹாக்னி இனக் குதிரைகளை வளர்த்தார். குதிரை இனங்கள் குறித்துப் பல நூல்கள் எழுதினார். குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸின் வாழ்க்கை வரலாறும் அவர் எழுதியதே. 1858இல் மணந்த மனைவி எலன் பாரிஷ் 1896இல் இறந்தார். வால்டர் 1914 நவம்பர் 12 அன்று மறைந்தார். பட்டம் மகன் ஹென்றி வால்டருக்குச் சென்றது.

நிறுவனம் 1962இல் மற்றொரு மது வணிகக் குழுமத்துடன் இணைந்தது. கில்பி ஜின் இன்றும் விற்பனையாகிறது.