அட்டையில் இல்லாத 97

வீரர்களின் பட அட்டை சேர்க்கும் பழக்கம் பிறந்த கதையே வேடிக்கை. சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே வைத்த தடித்த அட்டையில், விளம்பரத்துக்காகப் படம் அச்சடித்தார்கள். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896-லேயே கிரிக்கெட் வீரர்களைப் போட்டுவிட்டது. அமெரிக்காவில் பேஸ்பால். பிற்பாடு சிகரெட் போய் பப்பிள்கம் வந்தது.

இங்கே என் மகன் பேஸ்பால் அட்டை சேர்க்கிறான். பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? விலை விசாரித்தேன். ஹோனஸ் வாக்னர் என்பவரின் 1909-11 கால சிகரெட் அட்டை ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது! நேஷனல் லீக்கில் எட்டு முறை பேட்டிங் பட்டம் வென்ற மகா ஆட்டக்காரர்தான். ஆனால் இந்த விலை அவர் அடித்த அடிக்கு இல்லை. அந்த அட்டை மிகச் சிலவே மிஞ்சியிருப்பதற்கு.

எங்கள் சித்தூருக்கு இந்த மோகம் 'பிக் ஃபன்' பப்பிள்கம் வழியாக வந்தது. படத்தோடு ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால், சரசரவென்று புரட்டினால் வீரர் ஆடும் குட்டிப் புத்தகம் தருவார்கள். திருப்பதி போனால் எங்களுக்கு மொட்டை, லட்டு, அப்புறம் ஒரு பிக் ஃபன்!

அப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. 1953-ல் சித்தூர் ஆந்திராவோடு போனாலும், அவர் காது சென்னை வானொலியிலேயே இருந்தது. அவர் ஹீரோ குண்டப்பா விஸ்வநாத். 1975 ஜனவரி, சேப்பாக்கம். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்க்கிறார். இந்தியா மொத்தம் 190. அதில் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97! கடைசி ஆளாக வந்த சந்திரசேகர் அவுட்டாக, மூன்று ரன்னில் சதம் போச்சு. ஆனால் 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். முதல் இரண்டு டெஸ்டில் தோற்றிருந்த தொடர் 2-2 ஆனது.

அட்டையின் பின்பக்கம் என்ன இருக்கும்? 91 டெஸ்ட், 6080 ரன், 14 சதம். அந்த 97-க்குத் தனிக் கட்டம் கிடையாது. பேலன்ஸ் ஷீட் பார்த்தே பிழைக்கிறவன் நான். சில சொத்து அதில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டவர்கள் இன்று எழுபது, எண்பதுகளில் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போன் போடும்போது கேட்டு வையுங்களேன். பேரன் பேத்தியையும் லைனில் வைத்துக்கொண்டு!