மருதானையில் ஒரு மணிக்கூட்டு அரங்கு

கொழும்பு பஞ்சிகாவத்தையைத் தெரியாத வாகன உரிமையாளர்கள் இலங்கையில் இருக்க முடியாது. எந்த வண்டிக்கு எந்த உதிரிப்பாகம் தேவைப்பட்டாலும் கடைசியில் அங்குதான் போய் நிற்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்பு வாசனையும் மிகுந்த அந்தத் தெருவில், மருதானைப் பக்கமாக, மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தலையில் சுமந்தபடி ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதுதான் டவர் மண்டபம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் அந்தக் கோபுரத்தை நேரம் பார்ப்பதற்கு மட்டுமே நான் பயன்படுத்தியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது சிங்களவர்களின் நாடகக் கொட்டகை, எங்களுக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தந்தையார். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஹென்ட்ரிக் செனவிரத்ன என்பவர் கட்டிய இந்த அரங்கு 1911 டிசம்பர் 16ஆம் திகதி சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பாண்டுகாபய' நாடகத்துடன் திறக்கப்பட்டது. நூர்த்தி என்று சிங்களத்தில் அழைக்கப்படும் இசை நாடகங்களின் தலைமை இல்லமாக அது சுமார் இரண்டு தசாப்தங்கள் விளங்கியது. மருதானை, கெசல்வத்தை, மாளிகாவத்தைப் பகுதிகளின் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும்தான் அந்த அரங்கை வாழவைத்தவர்கள்.

நூர்த்தி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கான விடையில் தமிழர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. நூர்த்திக்கு முன்னர் சிங்கள மக்களிடம் வழங்கியது 'நாடகம' என்ற கூத்து வடிவம். பெயரே தமிழ். எங்கள் கத்தோலிக்கக் கூத்துமரபு மேற்குக் கரையோரமாகச் சிங்களக் கிராமங்களுக்குள் நுழைந்து வேரூன்றியதன் விளைவு அது. சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளில் 'மூவிராசாக்கள் நாடகம்' சிங்களத்திலும் ஆடப்பட்டது. சிங்கள நாடகமவின் பாட்டு வகைகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டால் யாழ்ப்பாணத்து அண்ணாவியார் ஒருவர் திகைத்துப் போவார். இன்னிசை அங்கே 'இன்னிசய', கொச்சகம் 'கொச்சகய', விருத்தம் 'விருதுவ'. அதற்கு அடிக்கும் மத்தளத்தின் பெயரோ 'தெமள பெர', அதாவது தமிழ்ப் பறை.

1877இல் சி. தொன் பஸ்தியன் 'ரொலினா' என்ற நாடகத்தை மேடையேற்றி இந்த மரபிலிருந்து விலகினார். (இதே தொன் பஸ்தியன்தான் 1895இல் முதலாவது சிங்கள நாளிதழைத் தொடங்கியவரும் ஆவார். நாடகக்காரரும் பத்திரிகைக்காரரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. இரண்டு தொழிலிலும் பணம் நிலைப்பதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.) 1882இல் பம்பாயிலிருந்து பாலிவாலாவின் எல்பின்ஸ்டன் நாடகக் கம்பனி கொழும்புக்கு வந்தது. வண்ணத் திரைகள், பளபளக்கும் உடைகள், ஆர்மோனியம், தபேலா, மனதில் ஒட்டிக்கொள்ளும் இந்துஸ்தானி மெட்டுகள். கொழும்பு மயங்கிப் போனது. வட்டக்களரியில் விடியவிடிய ஆடிய நாடகம, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் பார்சி நாடகத்தின் முன்னால் நிற்க முடியாமற் போனது.

கோட்டையைச் சேர்ந்த சட்டத்தரணி ஜோன் டி சில்வா இந்த மாற்றத்துக்கு ஒரு கொள்கையைக் கொடுத்தார். அவரது சபையின் பெயர் 'சிங்கள ஆரிய சுபோத நாட்டிய சபை'. 'ஆரிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சிங்களவர் ஆரியர், எனவே அவர்களுக்குரியது வட இந்திய இசையே என்பது அவரது நிலைப்பாடு. விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசைவாணரை வரவழைத்து, 1903இல் 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு இசையமைக்கச் செய்தார். சிங்கள மக்கள் இன்றும் பக்தியோடு பாடும் 'தன்னோ புதுங்கே' அந்த நாடகத்தில் வந்ததுதான். 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவில் அந்தப் பாடல் ஒப்பரா பாணியில் பாடப்பட்டபோது எழுந்த கண்டனக் கூச்சலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியத்தின் சொத்தை மேற்கத்தேயக் குரல் கெடுத்துவிட்டது என்றார்கள். மெட்டமைத்தவர் சிங்களவர் அல்லர், இந்தியர் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

தமிழ் மெட்டை வெளியேற்றுவதற்காக வடக்கிலிருந்து மெட்டைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே பார்சி மெட்டுகள் தமிழ்நாட்டின் நாடகக் கொட்டகைகளுக்குள்ளும் நுழைந்து, அங்கிருந்து கம்பனிகளோடு கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தன. சென்னையின் சுகுண விலாச சபை இலங்கைக்கு வந்து நடித்தது. அதன் பம்மல் சம்பந்த முதலியாரைத் தன் குருவாக வரித்துக்கொண்டவர் 'கலையரசு' சொர்ணலிங்கம். அவர் வளர்த்த சபையின் பெயர் 'லங்கா சுபோத விலாச சபை'. அங்கே ஆரிய சுபோத, இங்கே சுபோத விலாச. பெயர் வைப்பதில்கூட ஒரே காற்று அடித்திருக்கிறது.

பேசும் படம் வந்ததும் நூர்த்தியின் கதை முடிந்தது. 1930களில் டவர் மண்டபத்தில் திரை கட்டினார்கள். நாடக மேடைக்கு ஆழம் வேண்டும், பக்கத்தட்டிகள் வேண்டும், வர்ணத் திரைகளைச் சுருட்டி ஏற்ற மேலே உயரம் வேண்டும். சினிமாவுக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். எனவே சினிமா மாளிகையாக மாறிய அரங்கில் மேடை என்பது துணிக்குப் பின்னால் உள்ள இருட்டாக மட்டுமே எஞ்சும்.

படித்தவர்களும் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் 'மனமே'யை மேடையேற்றிய பேராசிரியர் சரத்சந்திர, நூர்த்தியை உயர்வாக மதிப்பிட்டவரல்லர். அவர் அதைத் தாண்டிப் பின்னே சென்று, அம்பலாங்கொடையின் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயிடமிருந்து பழைய நாடகமவைக் கற்றுக்கொண்டார். அவரைப் பார்த்து எங்கள் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்கு எடுத்துவந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைத் தயாரித்தார். இரண்டும் பெரும் பணிகள். ஆனால் இரு பக்கத்துப் பேராசிரியர்களும் நடுவிலிருந்த ஓர் அடுக்கைத் தாண்டிச் சென்றார்கள். ஆர்மோனியமும் ஜரிகை உடையும் கொண்ட கொட்டகை நாடகம் அவர்களது அழகியலுக்குள் அடங்கவில்லை. கலைப்பட்டதாரியான நானும் பல்கலைக்கழகத்தில் அந்த அலட்சியத்தைப் பாடமாகவே படித்துவிட்டு வந்தவன்.

டவர் மண்டபத்தை மீட்டவர் பேராசிரியர் அல்லர், ஓர் அரசியல்வாதி. கெசல்வத்தையில் பிறந்து வளர்ந்த ரணசிங்க பிரேமதாசவுக்கு அந்த மணிக்கூட்டுக் கோபுரம் சொந்தத் தெருவின் அடையாளம். அவர் பிரதமரான 1978ஆம் ஆண்டில், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் டவர் மண்டப அரங்க மன்றம் அமைக்கப்பட்டது. சினிமா மாளிகை மீண்டும் நாடக அரங்காகியது. முகப்பையும் கோபுரத்தையும் பழையபடி வைத்துக்கொண்டு, உள்ளே மின்விளக்கு, ஒலிவசதி என்று புதுக்காலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். மறக்கப்பட்டிருந்த முதிய நூர்த்திக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றினார்கள். அருகிலிருந்த எல்பின்ஸ்டன் அரங்கும் பின்னர் அதே மன்றத்தின் கீழ் வந்தது. பிரேமதாசவின் அரசியலைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆயினும் இந்த ஒரு காரியத்தில், படித்தவர்கள் பார்க்கத் தவறியதை அவர் பார்த்தார் என்றே சொல்வேன்.

அந்த 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, ருக்மணி தேவி வீதி விபத்தில் காலமானார். நூர்த்தி மரபு மறைந்துகொண்டிருந்த காலத்தில் மேடைக்கு வந்து, 1947இல் முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ'வின் கதாநாயகியானவர். இராம்பொடையில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். அந்தப் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்டது தமிழகத்தில். நாடு முழுவதும் அந்தப் பாடகிக்காக அழுதது. இராசம்மா என்ற பெயரை அன்று நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

ஐந்து வருடங்களின் பின்னர் 1983 ஜூலை வந்தது. டவர் மண்டபத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. கொழும்புக்கு வெளியே ஹெந்தளையில், சிங்கள சினிமாவின் பெருந் தயாரிப்பாளர்களுள் ஒருவரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் அந்தத் தீயில் போயின. கொளுத்தியவர்கள் தங்களுடைய சினிமாவைத்தான் கொளுத்தினார்கள். ஒரு பக்கத்தில் பழைய அரங்கைப் புதுப்பித்த அதே அரசாங்கத்தின் காலத்தில் இது நடந்தது.

இனி என் தந்தையாரிடம் வருகிறேன். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளியேறி, தென்மராட்சியிலும் பின்னர் வவுனியாவிலும் அலைந்து, 1996இன் நடுப்பகுதியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தமிழன் தெருவில் இறங்க முடியாது. அறையிலேயே அடைபட்டுக் கிடந்தவரை எங்காவது அழைத்துச் செல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வேளையில், என்னுடன் நட்பாக இருந்த சிங்களப் பத்திரிகையாளர் ஒருவர் டவர் மண்டபத்தில் நடக்கவிருந்த பழைய நூர்த்திப் பாடல் நிகழ்ச்சிக்கு இரண்டு அனுமதிச்சீட்டுகள் தந்தார். அப்பாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தாலும் வந்தார்.

முதல் அரைமணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு வயதான கலைஞர் ஒருவர் ஆர்மோனியத்துடன் மேடைக்கு வந்து, ஒலிவாங்கியைக் கையால் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார். அந்தக் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டியது. அப்படி எட்டுவதற்காகக் கட்டப்பட்ட மண்டபம் அது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடுகின்றன. உதடு அசைகிறது.

"உது எங்கட வைரமுத்துவின்ர மெட்டெல்லோ" என்றார் என் காதுக்குள். தமிழ்க் குரல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்ற பயத்தில் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவைச் சொல்கிறார். 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தை மூவாயிரம் தடவைகளுக்கு மேல் மேடையேற்றிய நடிகமணி. வடபகுதியின் கோயில் வீதிகளில் இரவிரவாக அவரது பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என் தந்தையாருடையது. அது அதே மெட்டுத்தானா, அதன் தம்பி மெட்டா என்று தீர்மானிக்கும் சங்கீத ஞானம் எனக்கு இல்லை. ஒரே தாய்வழி என்பதில் மட்டும் சந்தேகமில்லை. திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் முச்சக்கர வண்டியை மறித்தார்கள். அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் நீட்டிவிட்டு வீதியோரத்தில் நின்றோம். அப்பா அப்போதும் அந்த மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அவரது கையைப் பிடித்து நிறுத்தினேன். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வைரமுத்து 1989இல் மறைந்தார். மறுவருடம் யுத்தம் காங்கேசன்துறையைக் காலியாக்கியது. அவரது ஊர் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக உயர் பாதுகாப்பு வலயமாகிப் பொதுமக்கள் கால்வைக்க முடியாத இடமாக இருந்தது. யுத்தம் முடிந்து நிலங்கள் கொஞ்சங் கொஞ்சமாக விடுவிக்கப்பட்ட பின்னர் ஒரு தடவை அங்கு போயிருந்தேன். டவர் மண்டபத்தின் நினைவு மனதில் இருந்தபடியால், வைரமுத்து நடித்த கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு முதியவரிடம் விசாரித்தேன். அவர் கோயில் வீதியைக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பக்கமாகவும் கையைக் காட்டினார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொட்டகை எண்டால் தம்பி, விடியக் கூத்து முடிய, தகரத்தைக் கழட்டி வண்டிலிலை ஏத்திக்கொண்டு போறதுதானே. அதை இப்ப எங்கை தேடுறியள்?"