வாயாங் தெருவின் இலவச மருந்து

அம்மாவின் முழங்கால் வலிக்காக சைனாடவுனில் ஒரு சின்சேயிடம் போனோம். நான் எதிர்பார்த்தது ஊசியை. அவரோ மூன்று விரலால் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கம், பசி, மலம் என்று விசாரித்துக்கொண்டே போனார். பிறகுதான் மயிரிழை போன்ற ஊசிகள். "குத்துறதே தெரியல, உள்ளுக்குள்ள மதமதன்னு இருக்கு" என்றார் அம்மா. அந்த மதமதப்பு வரவேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. அதற்கு 'தெ-ச்சி' என்று பெயரும் உண்டு. இருபது நிமிடம் அப்படியே படுத்திருந்தார்.

காசு கட்டும்போது கேட்டார்: "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இங்கெல்லாம் வந்திருப்பாங்களா?"

வந்திருக்கலாம். 1867இல் சீன வணிகர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய தோங் சாய் வைத்தியசாலை, இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்து மூலிகையும் கொடுத்தது. 'தோங்' என்றால் எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பது, 'சாய்' என்றால் உதவுவது. 1892இல் வாயாங் தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. அந்தத் தெரு இன்று இயூ தோங் சென் தெரு. 1973இல் கட்டடம் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 1976இல் வைத்தியசாலை சின் சுவீ சாலைக்குப் போய்விட்டது. சின்சேக்களைச் சட்டப்படி பதிவுசெய்ய அரசு எடுத்துக்கொண்ட காலம்தான் வேடிக்கை: சட்டம் வந்ததே 2000இல்.

அம்மாவுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. ஊசியாலா, படுத்திருந்ததாலா, தெரியாது. என்னை அரிப்பது வேறு. நான் படித்த நம் கதைகளில் தோட்டத்து டிரெசர் திரும்பத் திரும்ப வருகிறார். வாயாங் தெருவில் மருந்துக்குக் காத்து நின்ற ஒரு தமிழரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.