நிறத்தின் சாட்சியம்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவும் அதன் எதிர்ப்பொருள்களும்

ஒரு புரதம் உடலின் எத்திசுவில் உள்ளது என்பதை ஆய்வகம் பெரும்பாலும் எதிர்ப்பொருளின் வாயிலாகவே அறிகிறது. எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் நிறம் தோன்றும். அது வேறொரு புரதத்தைத் தவறுதலாகப் பற்றினாலும் தோன்றுவது அதே நிறமே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா குறித்த ஆய்வு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இச்சிக்கலுள் அகப்பட்டுக் கிடந்தது.

எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை இனங்கண்டபோது எதிர்ப்பொருளைச் சார்ந்திருக்கவில்லை. டிரிட்டியத்தால் கதிரியக்கக் குறியிடப்பட்ட ஹார்மோனே அவருக்குக் கருவியாயிற்று. ஏற்பி ஒன்றே என்னும் கருத்து 1996 வரை நிலவியது. அவ்வாண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கியூப்பர், குஸ்தாஃப்சன் குழுவினர் எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரண்டாவது ஏற்பியைக் கண்டறிந்தனர். அது பீட்டா எனப்பட்டது. பழையது ஆல்பா ஆயிற்று.

ஆல்பா ஏற்பி மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் குறியாக முன்பே நிலைபெற்றிருந்தது. ஆகவே பீட்டாவையும் மார்பகத் திசுவில் தேடியது இயல்பே. எதிர்ப்பொருள்கள் பல விற்பனைக்கு வந்தன, ஆய்வுரைகளும் பெருகின. ஆனால் முடிவுகள் ஒன்றையொன்று மறுத்தன. பீட்டா இருப்பின் நோயாளிக்கு நன்மை என்றனர் ஒரு சாரார். மறுசாரார் தீமை என்றனர். முரண்பாட்டிற்குப் புரதத்தின் மாற்று வடிவங்களும் திசுவைப் பதப்படுத்தும் முறைகளும் காரணமாகக் காட்டப்பட்டன. கருவியின் மீது ஐயம் எழுந்ததுண்டு. எனினும் அது ஆய்வின் போக்கை மாற்றும் அளவுக்கு வலுப்பெறவில்லை.

2017ஆம் ஆண்டு சுவீடன் ஆய்வாளர்கள் 13 எதிர்ப்பொருள்களைச் சோதித்தனர். திசுவில் நிறமூட்டும் முறையில் பீட்டாவை மட்டும் இனங்கண்டது பிபிஇசட் 0506 என்னும் ஒன்றே. மிகுதியாகப் பயன்பட்டுவந்த பிபிஜி 5/10 அச்சோதனையில் தேறவில்லை. தேறிய எதிர்ப்பொருளைக் கொண்டு 44 இயல்புத் திசுக்களும் 21 வகைப் புற்றுத் திசுக்களும் ஆராயப்பட்டன. விந்தகம், அண்டகம், நிணநீர் உயிரணுக்கள், சிலவகைப் புற்றுக்கட்டிகள் ஆகியவற்றில் பீட்டா தென்பட்டது. மார்பகத்தில், இயல்பான திசுவிலும் சரி, புற்றுத் திசுவிலும் சரி, அதற்கான சான்று கிட்டவில்லை.

'இல்லை' என்னும் இம்முடிவும் ஓர் எதிர்ப்பொருளின் சொல்தானே என வினவலாம். வினா நியாயமானது. ஆயினும் ஆர்.என்.ஏ. அளவீடுகள் இம்முடிவோடு ஒத்துச்சென்றன; எதிர்ப்பொருளைச் சாராத அத்தகைய சான்றே இதன் வலிமை. முந்தைய ஆய்வுரைகள் அனைத்தையும் பொய்யெனத் தள்ளவும் இயலாது; எந்தக் குளோன் பயன்பட்டது என்பதைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டியுள்ளது. குளோனின் பெயரைக் குறிப்பிடாது விட்ட ஆய்வுரைகளுக்கு அவ்வழியும் அடைபட்டுவிட்டது.