காவல் மேரையிலிருந்து கருவூலம் வரை

களத்துமேட்டில் அறுவடை நெல்லை அளக்கும்போது, சொந்தக்காரர் வீட்டுக்கு மூட்டை போவதற்கு முன்பே ஊர்க் காவல்காரருக்கு ஒரு பங்கு ஒதுக்குவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அதை மேரை என்பார்கள். சில ஊர்களில் அதோடு மானிய நிலமும் உண்டு. களவு போன பொருளைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். அவருக்கு வயதாகித் தள்ளாமை வந்ததும் மகன் கோலைக் கையில் எடுப்பான். மேரையும் மானியமும் அதே வீட்டில் இருக்கும். ஓய்வூதியம் என்று தனியாக ஒன்றை அந்த ஏற்பாடு கேட்கவில்லை.

1801-ல் ஆற்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்த நாட்டில் இருந்த விருத்தாசலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா ஆனது. 1816-ன் சட்டம் காவல் பொறுப்பைக் கலெக்டரிடமும் கிராம அதிகாரிகளிடமும் விட்டது. வரி வசூலித்தவர்களே குற்றத்தையும் விசாரித்தார்கள். விளைவு என்னவாக இருந்தது என்பதை 1855-ல் வந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. வருவாய்த் துறையையும் காவலையும் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. 1859-ல் 24-ஆம் சட்டம் பிறந்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் சென்னை மாகாணத்துக்குச் சம்பளக் காவல்துறை அமைந்தது.

தலையாரி என்ற ஊர்க் காவல்காரர் ஊரிலேயே தங்கிவிட்டார்; அவருடைய பரம்பரை முறை நெடுங்காலம் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. புதிய கான்ஸ்டபிளின் கதை வேறு. அவருக்கு மானியம் கிடையாது, மேரை கிடையாது. இன்று மங்கலம்பேட்டை, நாளை கடலூர் என்று மாற்றல் வரும். மகனுக்கு அந்த வேலையில் உரிமை இல்லை. உடம்பில் வலு இருக்கும் வரை சம்பளம் வரும். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

அரசு தந்த பதில் நீண்ட காலம் அரைமனதான பதில். 1871-ன் ஓய்வூதியச் சட்டம் ஒரு நல்லது செய்தது: கடன்காரர் நீதிமன்றம் போனாலும் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது என்றது. அதே சட்டம், ஓய்வூதியத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறும் வழியையும் பெருமளவு அடைத்தது. அரசு மனம் வைத்துக் கொடுப்பது, கேட்டு வாங்க முடியாதது என்பதே அதன் நிலை. இங்கிலாந்தின் காவலர்களுக்கோ 1890-லேயே 25 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வூதியம் சட்டப்படியான உரிமை ஆகிவிட்டது. ஒரே பேரரசு, இரண்டு நீதி. 1902-03-ல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் நாடெங்கும் சுற்றி, கான்ஸ்டபிளுக்கு மாதம் 8 ரூபாயாவது கொடுங்கள் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. சம்பளமே அவ்வளவு என்றால், அதைக் கொண்டு கணக்கிடும் ஓய்வூதியம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த மாற்றங்களில் முதலில் சொல்ல வேண்டியது 1964-ன் குடும்ப ஓய்வூதியம். கலவரத்திலும் விபத்திலும் நேரங்கெட்ட பணியால் வந்த நோயிலும் காவலர் இறந்தால், மனைவி கையேந்தி நிற்காமல் மாதாமாதம் ஒரு தொகை வாங்க அதுதான் வழி செய்தது. கமிஷன்களும் வந்தன. ஆர்.ஏ. கோபாலசுவாமி தலைமையில் தமிழ்நாட்டின் முதல் போலீஸ் கமிஷன் 1971-ல் அறிக்கை தந்தது. தரம்வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன் 1979-ல் தன் முதல் அறிக்கையில் கடைநிலைக் காவலர்களின் வாழ்க்கைக்குப் பெரிய இடம் தந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக் காவலர்களும் சங்கம் கேட்டுப் போராடினார்கள். சங்கம் வைக்கும் உரிமையை 1966-ன் சட்டம் ஏற்கெனவே இறுக்கி வைத்திருந்தது. மற்ற அரசு ஊழியர்கள் வீதிக்கு வந்து கேட்டுப் பெற்றதைக் காவலர்கள் மனு எழுதியே பெற வேண்டியிருந்தது. அதனால்தான் காவல்துறையில் நலன் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓய்வுக்குப் பிறகே வெளிவருகிறது. ஓய்வுபெற்றவர் சங்கத்தில் சேர்வதை யாரும் தடுக்க முடியாது.

1978-ல் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் வந்தன. ஓய்வூதியம் எவ்வளவு, பணிக்கொடை எவ்வளவு என்று கணக்கு தெளிவாயிற்று. 1982 டிசம்பர் 17 அன்று, மத்திய அரசு ஓய்வூதியர் நகரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வுபெற்றவர்களை மத்திய அரசின் புதிய ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஒதுக்கியது செல்லாது என்றது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, உழைத்த காலத்துக்கான பாக்கி என்பது அதன் சாரம். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த வரலாறு முழுவதும் இன்று ஒரு சின்னப் புத்தகத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஓய்வூதியக் கொடுப்பாணை என்ற அந்தப் புத்தகத்தில் ஒரு பாதி கருவூலத்தில் இருக்கும், மறுபாதி ஓய்வூதியரிடம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை நேர்காணலுக்கு எடுத்து வருவார்கள். கைரேகைக் கருவியில் விரலை வைக்கும்போது, தேய்ந்துபோன ரேகை முதல் முறை பதியாது. கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். கணவனை இழந்தவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுபது வயது அம்மாவிடம் அதைக் கேட்டுக் கையெழுத்து வாங்குவது வேதனையான சடங்கு. விதியில் இருப்பதால் நடக்கிறது.

விருத்தாசலத்தில் இந்த நேர்காணல் வரிசையைப் பார்ப்பவருக்கு இன்னொரு கணக்கும் மனதில் ஓடும். இது பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்புக்கென்றே ஒரு அரசுத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ள ஊர். பொம்மையும் அகல்விளக்கும் செய்து, சூளைச் சூட்டில் வெந்து வேலை பார்த்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. வருங்கால வைப்புநிதி பிடித்த தொழிலாளிக்கு 1995-ன் திட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம், 2014 முதல், மாதம் 1000 ரூபாய். நலவாரியத்தில் பதிந்த தொழிலாளிக்கு 60 வயதுக்குப் பின் 1200 ரூபாய். தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்குக் குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியம் 7,850 ரூபாய்; அதன் மேல் அகவிலைப்படி. ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு கிழவர்களுக்கு இடையே இவ்வளவு பள்ளம். இதற்காகக் காவலரின் ஓய்வூதியத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமாகாது. சூளைத் தொழிலாளியின் 1000 ரூபாயை உயர்த்துவதே நியாயம்.

ஆனால் பள்ளம் பின்னர் காவல்துறைக்குள்ளேயே விழுந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைத் தமிழ்நாடு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றியது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதத்தை ஊழியர் கட்ட, அதே அளவு அரசும் கட்டியது. அந்தத் திட்டத்தில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்த தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். மாதாமாத ஓய்வூதியம் இருக்கவில்லை. ஒரே நிலையத்தில், ஒரே ரோந்தில் போன இருவரில் ஒருவருக்குச் சாகும்வரை மாதப் பணம், இன்னொருவருக்கு ஒருமுறை காசோலை என்ற நிலை வந்தது. பணியில் சேர்ந்த தேதி ஒன்றுதான் வேறுபாடு. நகரா வழக்கில் ஒரு தேதியை வைத்து ஓய்வூதியரைப் பிரித்தது தவறு என்ற வாதம் வென்ற பிறகு, மறுபடி ஒரு தேதி வந்தது வருத்தத்துக்குரியது. திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க 2025-ல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு குழு அமைத்ததே, இந்தக் குறை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

காவலருக்கு இவ்வளவு பரிவு எதற்கு என்று கேட்பவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு என்பவர் சித்திரவதையில் இறந்தது பக்கத்து ஊர்க் கதை. காவலர்கள் தண்டனை பெற்ற வழக்கு அது. விதிகளும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை: ஓய்வுபெற்ற பிறகும் நன்னடத்தை தவறினால், கடும் குற்றத்தில் தண்டனை பெற்றால், ஓய்வூதியத்தை நிறுத்தவோ குறைக்கவோ அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் இருக்க வேண்டியதுதான். ஆனால் ஓய்வுபெறும் நாளில் சஸ்பெண்ட் செய்து ஆண்டுக்கணக்கில் விசாரணையை இழுப்பது நீதி அல்ல. குற்றம் செய்தவர் தண்டனை பெறட்டும். செய்யாதவருக்குப் பாக்கியைத் தாமதமின்றிக் கொடுக்கட்டும்.

இனி வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 100-ல் இரு மடங்கு. கணவனை இழந்தவரின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது பொருந்தும். ஆனால் பல கொடுப்பாணைகளில் மனைவியின் பிறந்த தேதியே எழுதப்படவில்லை. தேதி இல்லாவிட்டால் உயர்வும் இல்லை. ஓய்வூதியர் இறந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து வரும் 50,000 ரூபாயைக் கேட்காமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் பழைய ஏட்டையா ஒருவரோ அவருடைய மனைவியோ இருந்தால், அந்த மஞ்சள் பையைத் திறந்து பிறந்த தேதி, வாரிசுப் பெயர் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள். தவறு இருந்தால், ஆதார் அட்டையோடு சார் கருவூலத்துக்கு அழைத்துப் போங்கள்.