வெல்லத்தின் வாயிற்காவல்

கல்முனையில் நாம் உண்ணும் எருமைத் தயிரை உறையச் செய்வன, பாலிலுள்ள இலற்றோசு எனும் வெல்லத்தை உண்ணும் பற்றீரியாக்களே. பற்றீரியா வெல்லத்தைத் தெரிந்துண்ணும் என்று அறிந்த வரலாறோ பாரிசில் தொடங்குகிறது. 1941இல் அங்கு யாக் மொனோ என்பார் குடற்பற்றீரியாக்களுக்குக் குளுக்கோசோடு வேறொரு வெல்லத்தையும் ஒருங்கே அளித்தார். குளுக்கோசு தீருமளவும் அவை மற்றதைத் தீண்டவில்லை. பின்னரும், சிறிது வளர்ச்சி தடைப்பட்ட பிறகே அதனை நாடின.

இலற்றோசு இல்லாவிடத்து அதற்குரிய நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் அடக்கப்படும் என 1961இல் யாக்கோப்பும் மொனோவும் விளக்கினர். 1965இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆயின், குளுக்கோசுக்கு முதலிடம் ஏன்? அதற்கு இவ்விளக்கம் போதாது. வெல்லம் கலத்துட் புகும்போதே அதன்மீது பொசுபேற்றை ஏற்றும் தொகுதியை 1964இல் மிச்சிக்கனில் குண்டிக், கோஷ், உரோசுமன் ஆகியோர் கண்டறிந்தமையே வழி திறந்தது. பொசுபேற்றைக் கைமாற்றும் புரதமொன்று, குளுக்கோசு புகுங்கால் தன் பொசுபேற்றை இழந்து, இலற்றோசின் வாயிலை அடைக்கும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பரிசுபெற்ற கதையினும் இக்கதை சுவை குறைந்ததன்று. தயிர்ப் பற்றீரியாக்களுட் சிலவோ இலற்றோசையே இவ்வண்ணம் பொசுபேற்றேற்றி உட்கொள்கின்றன.