பூவாற்றுப் பொழிமுகம்

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாரில் கடலொடு கலக்கின்றது. மழை வெள்ளம் மணல்திட்டை உடைத்துப் பொழியைத் திறக்கும். மழை ஓய்ந்ததும் அலைகள் மணலைக் குவித்து அதனை அடைக்கும். இவ்விரண்டும் தவறாது நிகழும்வரை பொழிமுகம் உயிரோடிருக்கும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் அமைந்தன. எல்லைக்கோடு மக்களைப் பிரித்தது. ஆற்றுக்கு அஃது எங்ஙனம் தெரியும்? 1958இல் அணை எழுந்தது; அவ்வாண்டே மேல்மலைக் காடும் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களையும் நனைத்தது. 2004இல் அந்நீர் நின்றது. அது தனி வழக்கு; ஈண்டு விரித்தல் வேண்டா.

நம் கவலை மணலைப் பற்றியது. மலையிலிருந்து வரும் மணலை அணை தடுத்தது; கீழே எஞ்சியதை மணல் அள்ளுவோர் வாரினர். ஆற்றின் அடி தாழ்ந்தால் கரை சரியும், உவர்நீர் உள்ளேறும், கரையோரக் கிணறுகள் கரிக்கும். 2001இல் கேரளம் ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. எனினும், காட்டைக் காத்த அக்கறையில் பாதியேனும் கழிமுகத்திற்குக் கிட்டவில்லை என்பதே எம் கருத்து. மணலை ஆற்றிலேயே விடுதலும், கைதையும் கண்டலும் கரையில் மீள நடுதலும் பெருஞ்செலவினம் அல்ல.

1979இல் திறந்த இருப்புப்பாதையில் ஊர் செல்லும் அன்பர்கள், நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி ஏறுகையில் பிள்ளைகளுக்குச் சன்னலோரம் இடம் விடுக.